மூன்று மூலையில் மஞ்சள்

பிப்ரவரி 4, செவ்வாய்

இடம் கிடைத்துவிட்டது. ஜூன் மாதம் மதி எல்.கே.ஜி. போகிறாள்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் படுத்துவிடலாம் என்றுதான் நோட்டைத் திறந்தேன். முடியவில்லை. மூன்று பள்ளிக்கூடம் ஏறி இறங்கியாயிற்று. மூன்றிலும் அதே கண்ணாடிக் கதவு, அதே கேள்வி: "உன் பேர் என்ன கண்ணா?" மதி மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை. "இன்னும் ஒரு வருஷம் போகட்டும் மேடம்" என்று சிரித்துக்கொண்டே ஃபைலைத் திருப்பித் தருவார்கள். மூன்றாவது இடத்தில் ஒருத்தி, "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மதி எனக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான்காவது இடத்தில் கேள்வியே இல்லை. எங்கள் மருதம் நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சென்னியப்பன் சார் அந்தப் பள்ளியின் டிரஸ்டில் இருக்கிறார். அவர் கொடுத்த கடிதத்தைப் பார்த்ததும் படிவத்தை நீட்டினார்கள். "என்ற பேத்தி மாதிரிங்க அது" என்று போனிலும் சொன்னாராம்.

தினகரன் வேலை முடிந்து வரும்போது ஜிலேபி வாங்கி வந்தார். மோட்டார் கம்பெனியில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாராம். மதி ஒரு மயில் வரைந்தாள். பார்க்கில் பார்த்த மயில். ஆறு கால். ஏதோ பழைய தாளின் பின்பக்கம். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பார்க்கில் இன்று நான்கு பேர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். மரத்துக்கு மரம் சிவப்பு பெயின்டில் எண். ஒன்றிலிருந்து அறுபத்து மூன்று வரை. "மரத்துக்கெல்லாம் கதவு நம்பர் போட்டிருக்காங்கம்மா" என்றாள் மதி.

மனை பிரித்தபோது பூங்காவுக்கென்று ஒதுக்கி, மாநகராட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்த இடம் அது. கோயம்புத்தூரில் ரிசர்வ் சைட் என்பார்கள். பார்க்கைத் தவிர வேறெதுவும் அங்கே வரக்கூடாது என்று பத்திரத்திலேயே இருக்கிறதாம். இப்போது கல்யாண மண்டபமும், கீழே கடைகளும் வரப்போகிறதாம்.

சரோஜினி அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு நடுவில் நின்றாள். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாய்களுக்கு அந்தக் கம்பு, மனிதர்களுக்கு அவள் குரல்.

"ஏனுங், யாரக் கேட்டு பெயின்ட் அடிக்கிறீங்?"

"மேல சொன்னாங்கம்மா."

"மேல யாரு, மரத்து மேலயா? அங்க காக்கா தான் இருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் ஹவுசிங் போர்டு பிள்ளைகள் ஊஞ்சலை உடைக்கிறார்கள் என்று இதே அக்காதான் கேட்டுக்குப் பூட்டு வாங்கிப் போட்டாள். இன்றைக்கு பார்க் ஊருக்கே பொதுவாம்.

பிப்ரவரி 12, புதன்

இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது. நகர் வாட்ஸப் குரூப்பில் 214 மெசேஜ். படிக்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

தூங்குமூஞ்சி மரத்தடியில் கூட்டம். ஐம்பது அறுபது பேர். சரோஜினி அக்கா மண்டல அலுவலகத்தில் தெரிந்தவரைப் பிடித்து ஃபைலை ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தாள். டைப் அடித்த ஒரு மனு. "மேற்படி இடத்தில் சமுதாயக் கூடம் அமைக்க இப்பகுதி மக்கள் முழு மனதுடன் சம்மதிக்கிறோம்." அதன் கீழே சங்க நிர்வாகிகள் பதினான்கு பேரின் கையெழுத்து. அதோடு சேர்த்து, கோடு போட்ட ஏழு தாள்கள். பதினைந்தில் தொடங்கி நூற்று இருபத்தாறு வரை பெயர், கதவு எண், கையெழுத்து.

அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தாள். பத்தொன்பதாவது பெயரில் நின்றுவிட்டாள்.

"இது என்ற பேரு. என்ற கையெழுத்து."

தாள் கைமாறிக்கொண்டே போனது. ஒவ்வொரு முகமாகச் சிவந்தது. "நானெப்ப போட்டேன்?" "என்றதும் இருக்குதே." "என்ற ஊட்டுக்காரரு கேட்டா நா என்ன சொல்லுவேன்?" யாரும் யாரையும் நம்பாத பார்வை. மாதத்துக்கு நாலு தரம் எதிலாவது கையெழுத்துப் போடுகிறோம். போர் தண்ணீருக்கு, தெருவிளக்குக்கு, பொங்கல் பைக்கு. எதில் போட்டது என்று யாருக்குத் தெரியும்.

ஒருத்தி தாளைத் தட்டிக் காட்டினாள். "இதென்னக்கா, கையெழுத்தா நண்டா? வட்டம் போட்டு எட்டுக் காலு."

என் இடுப்பில் இருந்த மதி காதோடு வாய் வைத்து, "நான் போட்டதும்மா" என்றாள்.

அவளுக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. கிளம்பி வந்துவிட்டேன்.

யார் செய்த வேலையோ. எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

ஃபிரிட்ஜிலிருந்து மயிலை எடுக்கப் போனேன். மதி அழுதாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சரோஜினி அக்கா வந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. செருப்போடு வாசலிலேயே நின்றாள்.

"ஏம்மிணி, அத்தனையும் பொம்பளைங்க கையெழுத்து. கவனிச்சியா?"

"அப்படியாக்கா?"

"தெரு வரிசையில இருக்குது. மொத தெரு, ரெண்டாந் தெரு. நண்டு ஒண்ணு போட்டிருக்குதே, அதுக்கு மேல உன்ற கையெழுத்து. கோலமாவுக்கு வாங்குனதுதான இது?"

மார்கழி கடைசி ஞாயிறு நகரில் கோலப்போட்டி. நான் எம்.எஸ்சி. கணிதம் என்பதால் புள்ளிக் கோலத்துக்கு என்னை நடுவராகப் போட்டார்கள். சங்கம் வீட்டுக்கு ஒரு பாக்கெட் கோலமாவு கொடுத்தது. யாரும் இரண்டு வாங்கிவிடக் கூடாது என்று கையெழுத்து வாங்கச் சொன்னதே இந்த அக்காதான். முதல் தாளில் நான் தலைப்பு எழுதி முடித்ததும், "நல்ல காரியம், வெறுமனே ஆரம்பிக்காத" என்று தாம்பாளத்து மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தடவியதும் அவள்தான்.

"அந்த மொதத் தாள் எங்க? தலைப்பு எழுதுனியே, நான் மஞ்சள் வெச்சனே."

"எல்லாத்தையும் சென்னியப்பன் சார்கிட்ட குடுத்துட்டேங்க்கா."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

அவள் என்னைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தாள். வாசலிலிருந்து சமையலறை நேராகத் தெரியும். ஃபிரிட்ஜ், மயில், ஆறு கால்.

"புள்ள நல்லா வரையுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 1, சனி

கோலமாவுத் தாள்களை நான்தான் கொடுத்தேன் என்று நகர் முழுக்கப் பரவிவிட்டது. குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எடுத்தது யார் என்றும் அதுவே காட்டுகிறது. அந்த அம்மாளின் மகனுக்கு நான் இரண்டு வருடம் சும்மா கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தையல்காரி ரவிக்கையைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்தாள். நேரமில்லையாம். அவள் கையெழுத்து நாற்பத்தொன்று. காய்கறி வண்டியருகே இரண்டு பேர் எனக்குக் கேட்கும்படி பேசினார்கள். "வாடகைக்கு இருக்கறவளுக்கு என்னுங்க, நாளைக்கு சாமானத் தூக்கிட்டுப் போயிருவா." வெண்டைக்காயை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட முற்றல் இல்லை. எல்லாவற்றையும் உடைத்தேன்.

சாயங்காலம் மதியை ஊஞ்சலுக்குக் கூட்டிப் போனேன். பக்கத்து ஊஞ்சலில் இருந்த பிள்ளையை அதன் அம்மா இறக்கிக் கூட்டிப்போய்விட்டாள். "ரித்து ஏம்மா போயிட்டா?" "பசிக்குதாம்." "அவ கையில முறுக்கு இருந்துச்சே."

இவர்களுக்காகவா நான் கவலைப்பட வேண்டும்? மரம் போனால் போகட்டும். நிழலில் உட்கார்ந்து ஊர் வம்பு பேச வேறு இடம் தேடிக்கொள்ளட்டும்.

மார்ச் 4, செவ்வாய்

சரோஜினி அக்கா கூட்டம் சேர்க்க ஹவுசிங் போர்டுக்குப் போனாளாம். "பூட்டு வாங்கறப்ப எங்கள கூப்பிட்டீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். நல்லா கேட்டார்கள்.

மார்ச் 7, வெள்ளி

சென்னியப்பன் சார் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்பு பூவன்பழம்.

"காப்பி வேண்டாம் அம்மிணி, சக்கரை. சும்மா பாப்பாவைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மண்டலத்தில் விசாரணை வைத்திருக்கிறார்களாம். இருபதாம் தேதி. உதவி ஆணையர் ஒரு பெண்ணாம், புதிதாக வந்தவராம். "சும்மா ஒரு சடங்குங்" என்றார். பிறகு பழத்தை மேஜையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"சரோஜினி மொதத் தாளு மொதத் தாளுன்னு சொல்லிட்டுத் திரியறாங்ளாமா. அது இருக்குதுங்ளா உங்ககிட்ட?"

"இல்லீங்க சார். அப்பவே குப்பையில போட்டுட்டேன்."

"குப்பை நல்ல எடம்" என்று சிரித்தார். "ஜூன் மாசம் பாப்பா யூனிஃபார்ம் போட்டுட்டுப் போறத நான் கேட்டுல நின்னு பாக்கோணும்."

அப்போதுதான் மதி வந்தாள். வெளியாட்கள் வந்தால் கட்டிலுக்கடியில் போகிற பிள்ளை. நேராக ஃபிரிட்ஜுக்குப் போய் மயிலை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வாழைப்பழம் கொண்டுவந்தவருக்குப் பதில் மரியாதை போலிருக்கிறது.

"மயிலா? ஏஞ்சாமி, மயிலுக்கு ஆறு காலு?"

அவர் கட்டைவிரல் தாளின் மஞ்சள் மூலையில் இருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் பின்பக்கம் தெரியும். என் கையெழுத்து பெரியது. தூரத்திலிருந்தே படிக்கலாம்.

"மூலையெல்லாம் மஞ்சளா இருக்குது. சாம்பாரா?"

"சாம்பார்தான் சார். சாப்பிட்ட கையோட வரைவா."

அவர் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தார். வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

போனபிறகு பழத்தை மதிக்கு உரித்துக் கொடுத்தேன். மயிலை மறுபடி ஃபிரிட்ஜ் கதவில் மாட்டினேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஒருதரம் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

ஜனவரி கடைசி வாரம் சென்னியப்பன் சார் கேட்டில் நின்று கோலமாவுத் தாள்களைக் கேட்டார். பின் அடித்திருந்த எட்டுத் தாள். எடுத்துக்கொண்டு போனேன். "மொதத் தாள் வேண்டாம் அம்மிணி, மிச்சம் போதும்" என்றார். அதே மூச்சில், "பாப்பாவுக்கு எந்த ஸ்கூல் பாத்திருக்கீங்க?" என்றார்.

நான் பின்னைக் கழற்றவில்லை. அவர் எதிரிலேயே முதல் தாளை இழுத்துக் கிழித்தேன். ஒரு மூலை பின்னுக்கடியிலேயே நின்றுவிட்டது.

தலைப்பு இல்லாத கையெழுத்து எதற்கு என்று நான் கேட்கவில்லை. எம்.எஸ்சி. படித்தவளுக்கு அது தோன்றாமலா இருக்கும். தோன்றியது. கேட்கவில்லை. ஐந்தாவது நாள் கடிதம் வந்தது.

தினகரனிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இப்ப எதுக்கு எங்கிட்ட சொல்ற?" என்றார்.

"விசாரணையில குடுத்துரலாமான்னு..."

"குடு. குடுத்துட்டு நாலாவது ஸ்கூல்ல இருந்தும் வெளிய வா. நாம என்ன இங்கயே சாகப் போறோமா? பதினோரு மாச அக்ரிமென்ட். உன்ன பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாத ஜனங்களுக்கு மரம் வேணும்னா அவங்களே பாத்துக்கட்டும்."

அவர் சொல்வதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. ரசத்தில் உப்பில்லை என்றார். நான் உப்பு டப்பாவை அவர் முன்னால் வைத்தேன், கொஞ்சம் சத்தமாக.

மார்ச் 12, புதன்

யூனிஃபார்முக்கு அளவு எடுத்தார்கள். மதி வளருவாள் என்று இரண்டு அங்குலம் கூட வைக்கச் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் ரம்பத்தோடு ஆட்கள் வந்து நான்கு மரங்களில் கிளை கழித்துவிட்டுப் போனார்கள். விசாரணைக்கு முன்னால் மரத்தைத் தொடக்கூடாதாம், கிளையைத் தொடலாமாம்.

சாயங்காலம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மதியைக் கூட்டிப் போனேன். இப்போதெல்லாம் அப்படித்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் போய் நிற்கிறாள், குனிகிறாள், ஏதோ பேசுகிறாள், அடுத்த மரத்துக்குப் போகிறாள். கிட்டே போய்க் கேட்டேன்.

ஒன்பதாம் நம்பர் புங்கனுக்கு முன்னால் நின்று, குரலை இழுத்து, "உன் பேர் என்ன கண்ணா?" என்றாள்.

காத்திருந்தாள். தலையை ஒருபக்கம் சாய்த்துச் சிரித்தாள். எங்கே பார்த்த சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

"பரவால்ல. இன்னும் ஒரு வருஷம் போகட்டும்."

பத்தாம் நம்பருக்குப் போனாள்.

மார்ச் 19, புதன்

மயிலை எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டேன். காந்தத்தைக் கழற்றித் தாளைத் திருப்பியபோது, தலைப்புக்குக் கீழே மாவு வாங்கிய முதல் பதினான்கு பேரின் பெயர்களும் தெரிந்தன. தினகரன் பார்த்தார். லீவு போடமாட்டேன் என்று மட்டும் சொன்னார். நான் கேட்கவில்லையே.

மார்ச் 20, வியாழன்

மதியை விட்டுவிட்டுப் போக யாரும் இல்லை. யாரிடம் விடுவது. கூட்டிக்கொண்டு போனேன்.

மண்டல அலுவலகத்தின் மாடியில் நீள அறை. எங்களுக்கு யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. சுவரோரம் நின்றோம். சென்னியப்பன் சார் மதியைப் பார்த்துக் கையாட்டினார்.

சரோஜினி அக்கா நன்றாகத்தான் பேசினாள். ஆனால் பத்திரம், சட்டம் என்று அவள் சொல்லச் சொல்ல உதவி ஆணையர் ஒரே கேள்வியிலேயே நின்றார். "கையெழுத்து உங்களுதுதானே?" "என்றதுதானுங்." "கோலமாவுக்குன்னு சொல்றீங்க. அதுக்கு என்ன ஆதாரம்?"

சென்னியப்பன் சார் எழுந்தார். "படிச்சவங்க, விவரம் தெரிஞ்சவங்க. படிச்சுப் பாத்துத்தான் போட்டாங்க மேடம். இப்ப யாரோ கிளப்பி உட்டுட்டாங்க."

நான் எப்போது நடந்தேன் என்று நினைவில்லை. உறையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். தலைப்புப் பக்கம் மேலே. "மருதம் நகர் கோலப்போட்டி. கோலமாவு பெற்றுக்கொண்டவர்கள்." மூன்று மூலையில் மஞ்சள். நான்காவது மூலை இல்லை.

"ஒரிஜினல் ஃபைலைப் பாருங்க மேடம். ஜெராக்ஸ்ல தெரியாது. பின்னுக்கு அடியில."

அவர் ஃபைலைப் புரட்டினார். மனுத்தாளைத் தூக்கினார். ஏழு தாளின் இடது மூலையில் பழைய பின், அதற்கடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் காகிதம். மஞ்சள். என் தாளை அதன்மேல் நகர்த்தி வைத்தார். கிழிசலும் கிழிசலும் சேர்ந்தன.

"இத யார் கிழிச்சது?"

"நான்தான்."

"தெரிஞ்சேவா?"

"முழுசாத் தெரியாது. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கேக்கல."

"இவ்வளவு நாள் எங்க இருந்தது?"

"எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "அடிப்பாவி" என்றது. மெதுவாகத்தான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது.

உதவி ஆணையர் தாளைத் திருப்பினார். "இது யார் வரைஞ்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள், என் சுடிதாரைப் பிடித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள். "நான்தான்."

"என்னது இது?"

"மயிலு."

"எந்த மயிலு?"

"எங்க பார்க் மயிலு."

கையெழுத்துகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது, மேல் விசாரணை முடியும்வரை வேலையை நிறுத்த வேண்டும் என்று எழுதச் சொன்னார். நிறுத்தத்தான் சொன்னார். ரத்து என்று சொல்லவில்லை. குமாஸ்தா ஃபைலில் சேர்க்கத் தாளை எடுத்து, அவசரத்தில் மயில் பக்கத்திலேயே முத்திரை குத்தி, நடுவில் எண் எழுதினார்.

படியிறங்கும்போது சென்னியப்பன் சார் என்னைப் பார்க்கவில்லை. மதியைப் பார்த்தார். கையாட்டவில்லை.

கீழே சரோஜினி அக்கா கம்பை ஊன்றி நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அன்னிக்கு உன்ற வாசல்ல நின்னு கேட்டேன். எல்லாத்தையும்னு சொன்ன. ரெண்டு தரம்."

"ஆமாங்க்கா."

"நாலு மரத்துல கிளை போயிருச்சு."

அவள் ஆட்டோவில் ஒரு இடம் காலியாகத்தான் இருந்தது. நாங்கள் பஸ்ஸில் வந்தோம்.

மார்ச் 21, வெள்ளி

பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். மற்ற பள்ளிகளில் கேட்ட அதே சிரிப்புக் குரல். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். சேர்க்கை முடிந்துவிட்டதாம், என்னிடம் முன்பே தப்பாகச் சொல்லிவிட்டார்களாம். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குப் பழக்கம்.

தினகரனிடம் நேற்று நடந்ததை முழுதாகச் சொன்னேன். மதி பேசியதையும். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மூணு ஸ்கூல்ல வாயத் தொறக்கல. அங்க போய்த் தொறந்திருக்கா" என்றார். பிறகு, "சத்தமாவா சொன்னா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் கேட்டுச்சு."

அவர் எழுந்து போய்விட்டார். இன்னும் என்னோடு பேசவில்லை.

தைக்கக் கொடுத்த யூனிஃபார்ம் வந்திருக்கிறது. இரண்டு அங்குலம் பெரியதாக. பீரோவின் அடியில் வைத்தேன்.

ராத்திரி பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது மதி வெறும் கதவைப் பார்த்தாள். காந்தம் மட்டும் இருந்தது.

"என் மயிலு எங்கம்மா?"

"அந்த ஆபீஸ்லயே வெச்சுக்கிட்டாங்க."

"அந்த மாமா அது மேல நம்பர் எழுதினாரே. மார்க்கா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"இருபத்து நாலு."

விரலை மடக்கிப் பார்த்தாள். பத்துக்கு மேல் அவளுக்கு விரல் போதவில்லை.

"நெறயவாம்மா?"

"நெறய" என்றேன்.